வாகீசன் எழுதிய பக்கம் எது

ஒரு காரைப் பற்றி நாலு வரி எழுதுவதற்கு வாகீசன் முதலில் அந்தக் காரின் அயல்வீட்டுக்குப் போவான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் பேசி வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? பெண் வீட்டாரிடமா பெண்ணைப் பற்றிக் கேட்போம்? அடுத்த வளவில் கேட்போம். சந்திக் கடையில் கேட்போம். அந்த வீட்டுக்கு உடுப்புத் தைக்கிறவளிடம் கேட்போம். சாதகம் பொருந்தினாலும் அயல் சொல்லும் ஒரு வார்த்தை பொருந்தாவிட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கலியாணத்துக்குச் செய்கிற அந்த விசாரிப்பைத்தான் வாகீசன் பழைய வாகனங்களுக்குச் செய்தான்.

அரியாலையில், கண்டி வீதி ஓரமாக, எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மக்பூலின் கார் சேல் இருக்கிறது. பாவித்த வாகனங்களை வாங்கி விற்கும் இடம். வாகீசனுக்கு அங்கே விற்பனை வேலை. வளவுக்கு வரும் ஒவ்வொரு வாகனத்தையும் படமெடுத்து, நானாவின் இணையத்தளத்தில் அதற்கென்று ஒரு பக்கம் போட வேண்டும். மற்றவர்களுக்கு இது நிறம், வருடம், ஓடிய தூரம் என்று மூன்று வரியில் முடிகிற வேலை. வாகீசன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாகனம் நின்ற ஊருக்கே போவான். அயலட்டையில் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்து, வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றபடி கைபேசியில் தட்டுவான்.

"வெள்ளை வான். கோண்டாவில்காரர் ஒருவரிடம் நின்றது. சந்தைக்கு மரக்கறி ஏற்றினது. அயலில் விசாரித்தேன். விடியப்புறம் இது ஸ்டார்ட் ஆகிற சத்தத்தில்தான் தன்ரை பிள்ளைகள் படிக்க எழும்புகிறவை என்று ஒரு அம்மா சொன்னா. ஆனால் ஒருத்தரும் பின்னால் நின்று தள்ளிக் கண்டதில்லையாம். வாய்க்காரி, ஆனால் வேலைக்காரி. சத்தம் பிடிக்காத ஆட்கள் எடுக்காதேங்கோ."

இதை முதன்முதலில் வாசித்தபோது மக்பூல் நானா தலையில் கை வைத்தார்.

"தம்பி, நான் இதை விக்கிறதுக்கு நிப்பாட்டியிருக்கிறன். நீ என்னெண்டால் வாற சனத்தைத் திருப்பி அனுப்புறாய்."

"குறையைச் சொன்னால்தான் நானா, மிச்சத்தை நம்புவினம்."

நம்பினார்கள். ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் தேடிப் பார்த்து, ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு வாகனம் எடுத்துக் கொடுத்தார்கள். "உந்த வாய்க்காரியை எங்கடை ஐயாவுக்கு எடுத்து வையுங்கோ. அவருக்குக் காது கேக்காது," என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னாராம். வாகனம் விற்றுப்போன பிறகும் அந்தப் பக்கங்களை நானா அழிக்கவில்லை. சனம் கதை வாசிப்பதுபோல் வாசித்துக்கொண்டிருந்தது.

உரும்பிராயில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அவர்கள் வீட்டில், பின்னேரம் தேத்தண்ணியோடு வாகீசன் அன்றைய பக்கத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டுவான். அவள் பெயர் கஜந்தினி. சந்தியில் கொமினிக்கேசன் என்கிற தொலைபேசி, நகலெடுப்புக் கடை ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தவள், கலியாணத்தோடு நின்றுகொண்டவள். கோயில் கோயிலாக நேர்ந்தும் அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் கதைப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில்தான் இந்த வாசிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

"எப்பிடி?" என்பான்.

"கொஞ்சம் கூடிப்போச்சு," என்பாள் அவள், சிரித்துக்கொண்டு.

உள்ளே படுத்திருக்கும் அவன் தாய் ஞானாம்பிகை, "என்ன கூடிப்போச்சு? எனக்குக் கேக்கேல்லை, திருப்பி வாசி," என்பாள். கண் மங்கிய தாய்க்கு ஒரே பிள்ளையின் குரல்தான் பத்திரிகை, அதுதான் கோயில் மணி.

அந்தக் குரல் ஒரு காலையில் நின்றுபோனது. வளவில் ஒரு வாகனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். நானா தானே ஓட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்கு விரைந்தார். கஜந்தினி போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில், வாகீசனின் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு மக்பூல் நானா உரும்பிராய்க்கு வந்தார். கதிரையின் ஓரத்தில் இருந்துகொண்டு சொன்னார்:

"தங்கச்சி, அவன்ரை கதிரையை வேறை ஒருத்தருக்குக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீ வந்து இரு. உனக்குத் தட்டச்சுத் தெரியும்தானே."

"அவரைப் போலை எனக்கு எழுத வராது நானா."

"எழுத எழுத வரும்."

வரவில்லை. எழுதத் தெரியாமல் அல்ல, விசாரிக்க முடியாமல். முதலாவது வாகனத்துக்காகக் கோப்பாயில் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினாள். உள்ளே வாழை கட்டி, மாவிலை தொங்கவிட்டு, மகளின் தாலிக்குப் பொன்னுருக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த அம்மாள் கஜந்தினியின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். கெட்ட மனுசி அல்ல. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"பிள்ளை, குறை நினையாதை. இண்டைக்கு நல்ல காரியம் நடக்குது. இன்னொரு நாளைக்கு வாவன்."

"பக்கத்து வீட்டுக் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கத்தான் அக்கா."

"அவையும் வேறை கார் ஒண்டு எடுத்து இண்டைக்குக் கோயிலுக்குக் கொண்டு போகினம். நீ அங்காலை போகாமல் திரும்பிப் போனால் நல்லது."

கஜந்தினி திரும்பினாள். வீதி முழுக்க வெயில். வீட்டுக்கு வரும்வரை அவள் அழவில்லை. வாகீசனுக்குத் திறந்த படலைகள் அவன் போனதாலேயே அவளுக்குச் சாத்தப்பட்டன என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

வழி காட்டியவன் சுப்யான். நானாவின் சகோதரி மகன்; கொழும்பில் இருந்துகொண்டு நானாவின் இணையத்தளத்தைக் கவனிப்பவன்.

"அக்கா, நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை," என்றான் தொலைபேசியில். "வாகீசன் அண்ணைன்ரை பக்கங்களை ஏஐக்குக் குடுங்கோ. அது வாசிச்சுப்போட்டு அதே மாதிரி எழுதித் தரும்."

"அவர் மாதிரியோ?"

"அச்சொட்டா அவர் மாதிரி."

கொடுத்தாள். வளவில் நின்ற ஒரு நீலக் காரின் விவரத்தைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் எழுத்து ஓடி வந்தது. 'நீலக் கார். சுன்னாகத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் நின்றது. அயலில் விசாரித்தேன்...'

கஜந்தினி திரையில் கையை வைத்தாள். விசாரித்தது யார்? ஒருவரும் இல்லை. அந்தச் சொல் பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லில்தான் அவன் இருந்தான். அழிக்க மனம் வரவில்லை. அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டாள்.

அன்றிலிருந்து காலையில் கதிரையில் இருப்பது அவளுக்கு ஒரு சுகமான நோவாகிவிட்டது. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, காரை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கஜந்தினிக்கு என்ன சொல்வாய் என்று. 'என் அன்பு மனைவியே, இன்றைய பொழுது எப்படிப் போனது?' என்று வந்தது. வாய் விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. படலையைத் திறக்கும்போதே "எடியேய், தண்ணி" என்பான். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த அழுகைக்குள்ளும் ஒரு தைரியம் வந்தது. யார் எப்படி எழுதினாலும் என் மனுசனை எனக்கு அடையாளம் தெரியும்.

பிறகு வாகன இறக்குமதித் தடை நீங்கியது. வருடக்கணக்காகப் பழைய வாகனங்களையே மாற்றி மாற்றி விற்றுக்கொண்டிருந்த குடாநாட்டில் திரும்பின பக்கமெல்லாம் புதுக் கார் சேல்கள் முளைத்தன. மக்பூல் நானாவுக்குப் பயம் பிடித்தது.

"ஊருக்கொரு பக்கம் போடு தங்கச்சி. எங்கடை சனம் கார் வாங்கிறதெண்டாலும் தங்கடை ஊர்ப் பேர் இருக்கோ எண்டுதான் பாக்கும்."

கஜந்தினி போட்டாள். அளவெட்டியில் கார் வாங்க, மயிலிட்டியில் கார் வாங்க, சாவகச்சேரியில் கார் வாங்க. ஊரின் பெயர் மாறும். கதை அரைவாசிக்கு மேல் அதே கதை. நெடுந்தீவுக்கும் ஒன்று வந்தது. 'நெடுந்தீவில் சொகுசுக் கார் வேண்டுமா? உங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து தருவோம்.' அதை வாசித்த நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடலுக்கு மேலாலை ஆர் ஓட்டுறது? நீயோ நானோ?"

"அழிச்சு விடட்டோ நானா?"

"கிடக்கட்டும். கனடாவில நெடுந்தீவு ஆக்கள் கனபேர் இருக்கினம்."

தேடினால் முதலில் நானாவின் தளம்தான் வந்தது. தொலைபேசி ஓயவில்லை. இன்னும் ஒரு வேலையும் வந்தது. பழைய பக்கங்கள் தூசு பிடித்துக் கிடக்கின்றன, தேடுபொறிக்குப் புதிது என்றால்தான் பிடிக்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதுப்பித்துவிடலாம் என்று சுப்யான் ஒரு வசதி செய்து அனுப்பினான். திகதியை மட்டும் மாற்றும் என்றுதான் கஜந்தினி நினைத்தாள். தன் விரலாலேயே அதை அழுத்தினாள். வாகீசனின் பக்கங்களை அவள் திறந்து பார்ப்பது குறைவு. திறந்தால் நாள் முழுக்க நெஞ்சு அடைக்கும். அவை அங்கே இருக்கின்றன என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சில மாதம் போய், ஒரு காலையில் மயிலிட்டியிலிருந்து செபநாயகம் என்றொருவர் வளவுக்கு வந்தார். மீன் ஏற்ற ஒரு சின்ன லொறி பார்க்க வந்தவர். கைபேசியை நீட்டினார்.

"பிள்ளை, உதில துறைமுகத்தடி ஒழுங்கையில விசாரிச்சதெண்டு போட்டிருக்கு. அந்த ஒழுங்கையில என்ரை வீடும் ஐஸ் பெட்டி வைக்கிற கொட்டிலும்தான் கிடக்கு. என்னட்டை ஒருத்தரும் வரேல்லை. ஐஸ் பெட்டியைக் கேட்டனீங்களோ?"

கஜந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கோபக்காரர் அல்ல. தானே சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"முந்தி ஒரு தம்பி வந்தவர் கண்டியோ. என்ரை மச்சானின்ரை கார் விக்கேக்கை. தேத்தண்ணி குடிச்சு, கனநேரம் இருந்து கதைச்சவர். அவர் எழுதினது மெய். அந்தத் தம்பி இப்ப இல்லையோ?"

"இல்லை."

"வேலையை விட்டிட்டாரோ?"

"ஓம்," என்றாள் கஜந்தினி.

அதற்குப் பிறகு நெடுநாள் ஆகவில்லை. தொலைபேசிகள் குறைந்தன. பிறகு நின்றன. கார் சேலின் பெயரையே தட்டித் தேடினாலும் வரவில்லை. வேறு யார் யாருடைய கடைகளோ வந்தன. நானா சுப்யானைப் பிடித்தார். கண்ணாடி அறைக்குள் மேசையில் கைபேசியை வைத்து, இருவரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

"மாமா, தேடுபொறிக்காரர் தளத்தை முழுசாத் தேடலில இருந்து எடுத்திட்டினம். அறிவித்தல் வந்திருக்கு. குப்பை எண்டு அடிச்சிருக்கினம்."

"ஏஐ எழுதினபடியாலோ?" என்றாள் கஜந்தினி.

"அதுக்காக இல்லை அக்கா. ஏஐ எழுதினாலும் ஆள் எழுதினாலும் அவைக்கு ஒண்டுதான். வாசிக்கிறவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல், தேடேக்கை முன்னுக்கு வரவேணும் எண்டதுக்காக மட்டும் ஒரே கதையை நூறு பக்கம் எழுதிக் குவிச்சால் அது விதிமீறல். ஊருக்கொரு பக்கம் போட்டதும் அதுக்குள்ளைதான் வரும்."

"வாகீசன்ரை பக்கங்கள்?" என்றார் நானா.

"எல்லாம்தான் மாமா. நல்லது கெட்டது எண்டு பிரிச்சுப் பாக்கிறேல்லை. முழுத் தளமும் போச்சு."

நானா வெளியே வளவைப் பார்த்தார். "தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்கை எல்லாத்தையும் விட்டிட்டு வெறுங்கையோடை இந்த ஊரை விட்டுப் போனவன் நான்," என்றார் மெதுவாக. "புத்தளத்தில கிடந்து, திரும்பி வந்து, இந்த வளவைப் பிடிக்க எனக்குப் பாதி ஆயுள் போட்டுது. உதுக்கு வழி இல்லையே மகன்?"

வழி இருந்தது. குவித்த பக்கங்களை எல்லாம் அழிக்க வேண்டும். உண்மையிலேயே ஒருவர் போய்ப் பார்த்து எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். செய்ததை ஒப்புக்கொண்டு, திரும்பப் பரிசீலிக்கும்படி கேட்க வேண்டும். அங்கே ஒருவர் பார்த்துத் தீர்மானிப்பார்.

"அப்ப சுகம்தானே," என்றார் நானா. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "வாகீசன் எழுதினதை வைச்சுக்கொண்டு மிச்சத்தை அழி தங்கச்சி. அவன் போனாலும் என்னைக் காப்பாத்துறான் பார்."

கஜந்தினிக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் பெயருக்கு ஒரு கடைசி மரியாதை. அன்று மத்தியானமே மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள்.

முதலில் கோண்டாவில் வான். 'கோண்டாவிலில் நின்ற வெள்ளை வான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற தெரிவு. அயலில் விசாரித்தேன். சத்தம் கொஞ்சம் கூட, ஆனால் நல்ல உழைப்பாளி.' இதுவா அவன் எழுதியது? எங்கேயோ ஒரு தாயும், படிக்க எழும்புகிற பிள்ளைகளும் வருவார்களே. தேடினாள். இணுவில் லொறியின் பக்கத்தில் அந்தத் தாய் இருந்தாள். அச்சுவேலிக் காரின் பக்கத்திலும் இருந்தாள். வட்டுக்கோட்டையிலும். இவற்றில் எது அவன் போன வீடு? எது அவன் போகாத வீடு?

திகதிகளைப் பார்த்தாள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே திகதி. அவள் விரல் அழுத்திய நாள். அன்று திகதியோடு எழுத்தும் மாறியிருந்தது.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. விற்கிறவன் யாரும் எழுதாத சொல்லை அவன் எழுதுவானே. 'எடுக்காதேங்கோ' என்று தட்டித் தேடினாள். ஒரு பக்கத்திலும் இல்லை. வியாபாரத்துக்கு ஒவ்வாத சொல் என்று இயந்திரம் அதை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்திருந்தது.

சுப்யானைக் கூப்பிட்டாள். பழைய பிரதி இல்லை என்றான். பழைய தளங்களைச் சேமித்து வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் தேடிவிட்டேன் அக்கா, முகப்புப் படம் மட்டும்தான் இருக்கிறது என்றான். அவன் குரலும் இறங்கியிருந்தது. மயிலிட்டிச் செபநாயகத்தின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அவரைக் கேட்டாள். அந்தத் தம்பி உங்கள் மச்சானின் காரைப் பற்றி என்ன எழுதியிருந்தார்?

"சொல்லு ஞாபகமில்லை பிள்ளை," என்றார் அவர். "நானும் மச்சானும் வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

வாகீசன் அவற்றைக் கடதாசியில் எழுதியவன் அல்ல. வாகனத்தின் பக்கத்தில் நின்று தட்டி, அந்த இடத்திலேயே ஏற்றிவிடுகிறவன். அவன் எழுத்து இருந்த ஒரே இடத்தை அவள் கையே அழித்திருந்தது. ஐயோ, கடவுளிடம் போனதைக் கூட மனம் ஒருநாள் தாங்கிக்கொள்ளும். தன் கையால் போனதை எதைக்கொண்டு தாங்குவது?

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?" என்று உள்ளிருந்து ஞானாம்பிகை கேட்டாள்.

கஜந்தினிக்கு அப்போதுதான் ஒரு நம்பிக்கை பிறந்தது. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் இருந்தாள்.

"மாமி, இவர் எழுதினதுகளை வாசிக்கிறன். வேறை ஆக்கள் எழுதினதும் கலந்து கிடக்கு. எது இவர்ரை எண்டு சொல்லுங்கோ."

"வாசி."

வாசித்தாள். கிழவி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். "உது இல்லை." "உதுவும் இல்லை. உவன் ஆர், சந்தியில நிண்டு மருந்து விக்கிறவன் மாதிரி." கஜந்தினிக்கு மூச்சு வந்தது. மாமிக்குத் தெரிகிறது. பின்னேர வெயில் கட்டிலின் காலடிக்கு வந்தபோது மயிலிட்டிப் பக்கம் வந்தது.

'உப்புக் காற்று இந்தக் காரின் கதவடியைத் தின்று பார்த்திருக்கிறது. அயலில் விசாரித்தேன். மழை வந்தால் தன்ரை பிள்ளையை நனைய விட்டிட்டு இந்தக் காருக்குப் படங்கு மூடுகிற மனுசன் என்று சொன்னார்கள். பிள்ளையைப் போல் வளர்த்ததை ஒருவர் விற்கிறார் என்றால், வாங்குகிறவர் கொஞ்சம் மெதுவாகக் கதவைச் சாத்துங்கோ.'

ஞானாம்பிகையின் கை நீண்டு வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தது. மங்கிய கண்களில் நீர் கோத்திருந்தது.

"உது என்ரை பிள்ளை," என்றாள். "கதவை மெதுவாச் சாத்து எண்டு எனக்குச் சொல்லுறவன். உது அவன்தான்."

கஜந்தினிக்கும் உடம்பு சிலிர்த்தது. மயிலிட்டிக்கு அவன் போனது மெய். தேத்தண்ணி குடித்தது மெய். ஒன்றாவது மிஞ்சியதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியையும் வாசிக்கப் போனாள்.

'இறக்குமதித் தடை நீங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் கார்களில் இதுவும் ஒன்று.'

குரல் நின்றுவிட்டது. தடை நீங்கியபோது வாகீசன் உயிரோடு இல்லை.

அந்தக் காரை அவன் கண்ணாலும் கண்டதில்லை. அவன் சொற்களை எங்கிருந்தோ பொறுக்கியெடுத்து, அவன் காணாத காருக்கு இயந்திரம் பூட்டியிருந்தது. அல்லது சொற்களும் அவனுடையவை அல்ல. கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னதும் இயந்திரம்தான். அவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கும் தெரியவில்லை. யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒரு தாயின் மனதில் ஒரு பூவை வைத்தபடியே விட்டிருக்கலாம். ஆனால் வாகீசனின் மனைவிக்கு அவனைப் பெற்றவளிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னாள். தட்டித் தடுமாறி, தான் அழுத்தியதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

ஞானாம்பிகை கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஆர் எழுதினதெண்டு வேண்டாம்," என்றாள். "நீ வாசிக்கேக்கை அவன் வந்தவன். மற்றதுகளை அழி. அதை மட்டும் விடு."

"விடேலாது மாமி."

"உன்ரை நானாட்டை நான் கதைக்கிறன்."

"நானா வைச்சிரு எண்டுதான் சொல்லுவார். அவருக்காக இல்லை." "விசாரிக்காமல் விசாரிச்சனான் எண்டு இவர் ஒருநாளும் எழுதினதில்லை. இது நிண்டால், போகாத வீட்டுக்குப் போனதெண்டு இவர் சொன்ன மாதிரிக் கிடக்கும். இவரைப் பொய்க்காரனா வைச்சிருந்து நாங்கள் அழவேண்டாம் மாமி."

"சுடலைக்கு நீயும் போகேல்லை, நானும் போகேல்லை," என்றாள் ஞானாம்பிகை. குரலில் கோபம் இல்லை. "ஆம்பிளையள் கொண்டு போய்ச்சினம். இப்ப உன்ரை கையாலை அனுப்பப் போறாய்."

கஜந்தினி மேசைக்குத் திரும்பினாள். நானாவைக் கூப்பிட்டு, வாகீசனுடையது என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் அழிக்கிறேன் என்றாள். நானா, "ஒண்டு கூடவோ தங்கச்சி?" என்றார். "ஒண்டு கூட," என்றாள்.

ஒரேயடியாக அழிக்கும் வசதி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, முழுவதையும் வாசித்து, அழித்தாள். எங்கேயோ ஒரு சொல்லில் அவன் இருந்தால் அவனைக் கடைசியாகப் பார்க்காமல் விடக்கூடாது என்பதற்காக. கோண்டாவில் போனது. இணுவில் போனது. நெடுந்தீவு போனது. மயிலிட்டிக்கு வந்தபோது விரல் நின்றது. வாய்க்குள் ஒருமுறை வாசித்தாள். அழித்தாள்.

செய்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கேட்டாள். தளம் சில வாரங்களில் திரும்ப வந்தது. தேடினால் வருகிறது. நிறம், வருடம், ஓடிய தூரம், மூன்று வரி. நானா அதைப் பார்த்துவிட்டு நல்லது என்றார்.

செய்தியைச் சொல்ல வீட்டுக்கு வந்த பின்னேரம், ஞானாம்பிகை எழுந்து கட்டிலில் இருந்தாள். அவள் கோபமாக இல்லை.

"சரி, போனது போகட்டும்," என்றாள். "எழுத்துத்தானே போனது. உனக்கு ஒவ்வொரு நாளும் வாசிச்சுக் காட்டினவன். இப்பிடி இரு. ஒண்டைச் சொல்லு, கேப்பம்."

கஜந்தினி பக்கத்தில் இருந்தாள். கண்ணை மூடினாள். ஒரு வசனம் வந்தது. அழகான வசனம். சொல்ல வாயெடுத்தாள். இது அவன் சொன்னதா, அவனைப் போல் இயந்திரம் சொன்னதா? இன்னொன்று வந்தது. அதிலும் அதே கேள்வி. வருடக்கணக்காகப் பின்னேரத் தேத்தண்ணியோடு கேட்ட குரலைத் தேடினாள். திரையில் ஓடி வந்த எழுத்துகளே அந்தக் குரலில் கேட்டன.

"சொல்லு பிள்ளை," என்றாள் மாமி. "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"மாமி," என்றாள் கஜந்தினி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

ஞானாம்பிகை காத்துக்கொண்டிருந்தாள். பிறகு தடவித் தடவி மருமகளின் தலையைத் தேடிப் பிடித்து, தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.